ஏரியில் மீன் குறைகிறதா? வலைக்கணக்கு வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

அணையிலோ பெரிய ஏரியிலோ மீன் பிடிக்கும் சங்கத்தாரிடம் "இந்த வருஷம் மீன் எப்படி?" என்று கேட்டால் பதில் டன் கணக்கில் வரும். போன வருஷம் 40 டன், இந்த வருஷம் 42 டன், அதனால் பரவாயில்லை என்பார்கள். அந்த 40 டன்னை எத்தனை பரிசல் பிடித்தது, 42 டன்னுக்கு எத்தனை பரிசல் போனது, வலைக்கண் எவ்வளவு சுருங்கியது, மீன் போன வருஷ அளவில் இருந்ததா என்பதெல்லாம் எந்தப் பேரேட்டிலும் இருக்காது. மொத்த எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே மீன்வளம் சரிந்துகொண்டிருக்கலாம். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் மொத்தப் பிடிப்பு பெரிதாகக் குறையாமலே பெரிய மீன்கள் அருகி, அவை இருந்த இடத்தைப் பொடிமீன் பிடித்துக்கொண்டது. டன்னை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

உலகக் கணக்கும் இதைவிட உறுதியானதல்ல. 2022-இல் உலகின் ஆறு, ஏரி, குளங்களில் பிடிபட்டதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு பதிவு செய்தது சுமார் 1.13 கோடி டன். அதில் இந்தியா 19 லட்சம் டன்னுடன் முதலிடம். அடுத்து வங்கதேசம் 13 லட்சம், சீனா 12 லட்சம். ஆனால் 42 நாடுகளில் வீடுகள் உண்ட மீனைக் கணக்கிட்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்நாடுகளில் உண்மையில் பிடிபடுவது அரசுக் கணக்கைவிட ஏறத்தாழ 65 சதவீதம் அதிகம் என்று மதிப்பிட்டது. கரையிலேயே விற்பதும் குழம்புக்கு எடுத்துப் போவதும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆக, உங்கள் ஏரியின் நிலை தெரிய வேண்டுமானால் அதை நீங்களேதான் அளக்க வேண்டும்.

கீழே சொல்லும் முறை ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிற, செவுள் வலை (நீந்தி வரும் மீனின் செவுள் கண்ணில் சிக்கும்படி நிறுத்தும் வலை) போடுகிற நீர்நிலைகளுக்கானது. கோடையில் வற்றிவிடும் கண்மாய்க்கு இது தேவையில்லை. அங்கே ஊத்தாவும் கூடையுமாக ஊரே இறங்கி அள்ளிய பிறகு, அடுத்த மழைக்கு எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது.

ஏட்டில் என்ன எழுதுவது

எல்லாப் பரிசலையும் எல்லா நாளும் நிறுக்க முடியாது, நிறுக்கவும் வேண்டாம். மாதத்துக்கு எட்டு நாள், நாளுக்கு ஐந்து பரிசல் போதும். எந்த நாள், எந்தப் பரிசல் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சந்தை நாளிலும் மீன் நிறைய விழுந்த நாளிலும் மட்டும் எடை போட்டால் கணக்கு எப்போதும் செழிப்பாகவே தெரியும்.

ஒவ்வொரு பரிசலுக்கும் எழுத வேண்டியவை:

- தேதி, அன்றைய திதி, மதகு அளவுகோலில் தண்ணீர் மட்டம்
- வலை வகை, வலைக்கண் அளவு, போட்ட வலையின் மொத்த நீளம்
- வலை போட்ட நேரம், எடுத்த நேரம்
- இனவாரியாக எடை. வீட்டுக்கு ஒதுக்கியதும் சேர்த்து
- மீன் இல்லை என்றால் "0"

திதி எதற்கு என்றால், பௌர்ணமியை ஒட்டிய தெளிந்த இரவுகளில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால் பிடிப்பு குறையும். அதை மீன் குறைவு என்று தப்பாகப் படித்துவிடக் கூடாது.

இதோடு, ஒருவர் தினமும் காலையில் கரைக்கு வந்த பரிசல்களை எண்ணி எழுதிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இது இருந்தால் மாத மொத்தமும் கிடைத்துவிடும். நிறுத்துப் பார்த்த 40 பயணங்களில் 340 கிலோ என்றால் பயணத்துக்கு 8.5 கிலோ. அந்த மாதம் மொத்தம் 520 பயணம் நடந்திருந்தால் 4,420 கிலோ. வியாபாரியின் ரசீதுக் கூட்டலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏட்டில் ஏறாமல் போன மீன்.

வலைக்கண்ணை அளப்பது

வலைக்கண்ணை விரல் கணக்கில் சொல்வது வழக்கம். விரலுக்கு விரல் மாறும் என்பதால் அது உதவாது. நனைந்த வலையை இழுத்துப் பிடித்து, வரிசையாகப் பத்துக் கண்களின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். இது இழுத்த கண் அளவு, அதாவது எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையிலான தூரம். அடுத்தடுத்த முடிச்சுகளுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும் வழக்கமும் உண்டு, அது இதில் சரிபாதி. ஐரோப்பிய ஆய்வு வலைகளில் "55 மி.மீ." என்று கண்டால் நம் கணக்கில் 110 மி.மீ. இலங்கைக் குளங்களில் 8.5 செ.மீ.க்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலைக்குத் தடை. அது இழுத்த கண் அளவு. இரண்டு முறையையும் கலந்து எழுதிய ஏடு எதற்கும் பயன்படாது.

நூறு மீட்டர் வலைக்கு எத்தனை கிலோ

ஏட்டின் சாரமே இந்த எண்தான்: ஓர் இரவில் 100 மீட்டர் வலைக்கு விழுந்த எடை.

ஓர் இரவில் மூன்று பரிசல் என்று வைத்துக்கொள்வோம். முதல் பரிசல் 300 மீட்டர் வலைக்கு 12 கிலோ, இரண்டாவது 150 மீட்டருக்கு 9 கிலோ, மூன்றாவது 200 மீட்டருக்கு வெறுங்கை. எடையைத் தனியாகவும் நீளத்தைத் தனியாகவும் கூட்டி வகுக்க வேண்டும்: 21 கிலோ, 650 மீட்டர், 100 மீட்டருக்கு 3.2 கிலோ. வெறுங்கையோடு வந்தவரை எழுதாமல் விட்டால் 450 மீட்டருக்கு 21 கிலோ ஆகி, விடை 4.7-க்கு எகிறிவிடும். மீன் குறையக் குறைய வெறுங்கைகள்தான் பெருகும் என்பதால், சுழியம் போடாத ஏடு சரிவை மறைத்துக்கொண்டே வரும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் மோசமானது இதுதான்.

ஒரே வலைக்கண், ஒரே மாதம், ஏறத்தாழ ஒரே தண்ணீர் மட்டம் என்று பொருத்தித்தான் ஆண்டோடு ஆண்டை ஒப்பிட வேண்டும். மே மாதம் தண்ணீர் சுருங்கும்போது இருக்கிற மீன் எல்லாம் மடுவில் ஒடுங்கி வலைக்கு எளிதில் மாட்டும். அப்போது இந்த எண் உயர்வதைப் பார்த்து மீன் பெருகிவிட்டது என்று மகிழ வேண்டாம். மழைக்குப் பிறகு தண்ணீர் விரிந்ததும் அதே மீன் பரந்து போய் எண் விழும். அதற்காகப் பயப்படவும் வேண்டாம்.

நீளம் அளப்பது

ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை. ஒரு முனையில் மூக்கு முட்ட ஒரு தடுப்புக் கட்டை. நடுவில் எஃகு அளவுகோல். தையல்காரர் நாடா ஈரத்தில் நீளும், வேண்டாம். அளவுகோலின் சுழியக் கோடு தடுப்பின் உள்முகத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல அளவுகோல்களில் முனைக்கும் சுழியத்துக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி இருக்கும்.

மூக்கைத் தடுப்பில் முட்ட வைத்து, வாய் மூடி, வாலை லேசாகச் சேர்த்துப் பிடித்து நுனிவரை அளக்க வேண்டும். 17.8 என்றால் 17 என்றே எழுதுங்கள், எப்போதும் கீழே இறக்கித்தான். மாதத்துக்கு ஓர் இனத்தில் 150 மீனாவது வேண்டும். வியாபாரி பெரிய மீனைப் பொறுக்கி எடுத்த பிறகு மிச்சத்தை அளந்தால் ஏரியில் குஞ்சுகள் மட்டுமே இருப்பதாகத் தோன்றும். தரம் பிரிக்கும் முன், ஒரு கூடையை எடுத்தால் அந்தக் கூடை முழுவதையும் அளந்துவிடுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. செவுள் வலை தன் கண்ணுக்கு ஏற்ற மீனை மட்டுமே பிடிக்கும். எல்லாரும் 60 மி.மீ. வலை போட்டால், அளந்த நீளமெல்லாம் வலையைப் பற்றியே பேசும், ஏரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை வலை போட வேண்டும். 30, 40, 50, 60, 80, 100, 120 மி.மீ. கண்களில் தலா 25 மீட்டர் வலை வாங்கி, வரிசை மாற்றி ஒன்றோடொன்று கோத்து, மாலை 5 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்கு எடுங்கள். மதகுப் பக்கம், நடு மடு, ஆறு வந்து விழும் முகம் என்று மூன்று இடத்திலாவது போட வேண்டும். சிறுகண் வலைக்குத் தடை உள்ள இடத்தில் மீன்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

சினை பார்ப்பது

மீன் எந்த நீளத்தில் முதல்முறை சினைபிடிக்கிறது என்பது ஏரிக்கு ஏரி மாறும். புத்தகத்தில் உள்ள எண்ணை நம்பாமல் வயிற்றைக் கீறிப் பாருங்கள். கரையில் மீன் கழுவித் தரும் இடத்திலேயே இதைச் செய்துவிடலாம், மீனும் வீணாகாது. பெண் மீனில் சினைப்பை நூல்போல் இருந்தால் முதிராதது. முட்டை மணிமணியாகத் தெரிந்தாலோ, முட்டையிட்டு முடித்துப் பை சிவந்து தளர்ந்திருந்தாலோ முதிர்ந்தது. ஜிலேபி மீனில் பெண் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். வலையில் மாட்டியதும் துப்பிவிடும். வாயில் ஓரிரு முட்டை ஒட்டியிருந்தாலும் அது முதிர்ந்த கணக்கு.

2 செ.மீ. இடைவெளியில் பிரித்து எண்ணுங்கள். உதாரணத்துக்கு: 13–14 செ.மீ. பெண் மீன் 12-இல் 2 முதிர்ந்தவை; 15–16-இல் 14-க்கு 5; 17–18-இல் 15-க்கு 9; 19–20-இல் 11-க்கு 10. பாதி மீன்கள் முதிரும் நீளம் 17 செ.மீ. பக்கம் விழுகிறது. அதுவே அந்த ஏரியில் அந்த இனத்தின் முதிர்ச்சி நீளம்.

மூன்று சதவீதங்கள்

ரைனர் ஃப்ரோஸ் என்ற மீன் அறிவியலர் 2004-இல் சொன்ன எளிய வழி இது. கணினி வேண்டாம், பலகையும் பென்சிலும் போதும். மூன்றைக் கணக்கிடுகிறோம்: பிடித்ததில் முதிர்ந்தவை எத்தனை சதவீதம், பிடிக்க உகந்த நீளத்தில் எத்தனை சதவீதம், அதற்கும் பெரிய தாய்மீன்கள் எத்தனை சதவீதம்.

உகந்த நீளத்துக்கு முதலில் அந்த இனத்தின் உச்ச நீளம், அதாவது பிடிக்காமல் விட்டால் அது வளரக்கூடிய நீளம், வேண்டும். ஏரியில் கண்ட ஆகப்பெரிய மீனின் நீளத்தை 0.95-ஆல் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு உகந்த நீளம். ஆகப்பெரியது 36 செ.மீ. என்றால் உச்சம் 38. உகந்தது 25 செ.மீ.யை ஒட்டி, பத்து சதவீதம் முன்பின்னாக 23 முதல் 28 வரை. 28-ஐத் தாண்டியவை பெருந்தாய்கள். "ஆகப்பெரிய மீன்" என்பதை இந்த வருஷப் பிடிப்பிலிருந்து எடுக்காதீர்கள். பெரிய மீன் ஏற்கெனவே தீர்ந்துபோன ஏரியில் அளவுகோலே சுருங்கிப்போய், எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். மூத்தவர்கள் கண்ட பெரிய மீனைக் கேட்டு, கைநீளத்தில் காட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள்.

அளந்த 150 ஜிலேபியில் 17 செ.மீ.க்குக் குறைந்தவை 54, 23–28-இல் 27, அதைத் தாண்டியவை 3 என்று வைப்போம். முதிர்ந்தவை 64 சதவீதம், உகந்த அளவில் 18, பெருந்தாய் 2. முதல் இரண்டும் நூறை நெருங்க வேண்டும். மூன்றாவதில், பெரிய மீனை வேண்டுமென்றே விட்டுவைக்கும் ஏற்பாடு இல்லாத ஏரியில் 30–40 சதவீதம் நல்ல அடையாளம், 20-க்குக் கீழே போனால் கவலை. இந்த ஏரியில் மூன்றில் ஒரு மீனுக்கு மேல் ஒருமுறைகூட முட்டையிடாமல் சட்டிக்குப் போகிறது.

பெரிய தாய்க்கு ஏன் இத்தனை மதிப்பு? மீன் நீளத்தில் கொஞ்சம் வளர்ந்தாலும் சுமக்கும் முட்டை பல மடங்கு ஏறும். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் பங்கிடும் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் மீனுக்குக் கீழ் எல்லை மட்டுமின்றி மேல் எல்லையும் வகுத்தது இதனால்தான். 50 செ.மீ.க்குக் கீழும் 85 செ.மீ.க்கு மேலும் உள்ளதைப் பிடிக்கக் கூடாது என்று விதித்திருந்தார்கள்.

குட்டையாகிப்போன ஜிலேபி

எல்லாச் சிறுமீனும் அதிகப் பிடிப்பின் விளைவு என்று முடிவுகட்டி வலைக்கண்ணைப் பெரிதாக்கிவிடாதீர்கள். ஜிலேபி நெரிசலானால் வளர்ச்சி நின்று, 10 செ.மீ.யிலேயே சினைபிடிக்கத் தொடங்கும். அங்கே பெருங்கண் வலை போட்டால் நெரிசல் இன்னும் கூடும்.

இரண்டையும் பிரித்தறிய உடற்கட்டைப் பாருங்கள். கிராம் எடையை நூறால் பெருக்கி, செ.மீ. நீளத்தின் மூன்று மடிப் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 18 செ.மீ. மீன் 110 கிராம் என்றால் 11,000 ÷ 5,832 = 1.9, கொழுத்த மீன். அதே நீளத்தில் 82 கிராம் என்றால் 1.4, தலை பெருத்து உடல் ஒட்டிய மீன். சிறுமீன் கொழுத்திருந்தால் தீனி மிச்சம் இருக்கிறது, பிடிப்புதான் அதிகம். சிறுமீன் மெலிந்து, சினையோடும் இருந்தால் நெரிசல். அங்கே சிறுகண் வலையாலும் இழுவை வலையாலும் களையெடுக்க வேண்டும், விரால் போன்ற வேட்டை மீன்களைக் காக்க வேண்டும். இருபது மீனை நிறுத்துச் சராசரி எடுங்கள், ஒரு மீனை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

விட்டு வளர்க்கும் கெண்டைகள்

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய நீரில் முட்டையிடாது. வெள்ளம் பாயும் ஆற்றில்தான் இனம்பெருக்கும். ஆகவே ஆறு வந்து சேராத ஏரியில் அவற்றுக்குச் சினை பார்ப்பதில் பொருளில்லை. விட்ட குஞ்சில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதே கேள்வி. 10,000 குஞ்சு விடும்போது 1,000-க்கு இடது இடுப்புத் துடுப்பை அடியோடு ஒட்டி வெட்டிவிடுங்கள். பாதியில் வெட்டினால் முளைத்துவிடும். பிடிபடும் கெண்டையில் பத்தில் ஒன்றுக்கு அந்தத் துடுப்பு இல்லையென்றால் எல்லாம் நீங்கள் விட்டவை. இருபதில் ஒன்று என்றால் ஏறத்தாழப் பாதி வேறெங்கிருந்தோ வந்தவை.

திரும்பி வருவது மிகக் குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, குஞ்சு சிறியது. விரலளவுக்கும் குறைந்த குஞ்சு வாளைக்கும் விராலுக்கும் இரையாகிறது. 100 மி.மீ.க்கு மேல் வளர்த்து விடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு அணையில் 1980-களில், பெரிய குஞ்சுகளை அளவான எண்ணிக்கையில் விட்டு, சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதைத் தவிர்த்ததில், ஹெக்டேருக்கு 30 கிலோவுக்கும் குறைவாக இருந்த விளைச்சல் 190 கிலோவை எட்டியது. லட்சக்கணக்கில் பொடிக்குஞ்சு விட்டதாகப் படம் எடுத்துக்கொள்வது எளிது, அவ்வளவுதான். இரண்டு, ஏரி நிரம்பி மறுகால் பாயும்போது விட்டது. கலிங்கு வழியே குஞ்சு வெளியேறிவிடும். மறுகால் நின்ற பிறகு விடுங்கள்.

காணாமல் போன மீன்களின் பட்டியல்

எடையும் நீளமும் இருக்கிற மீனைப் பற்றித்தான் சொல்லும். அறுபது வயது தாண்டிய பத்து மீனவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதையே மற்றவர் சொல்வார். எந்தெந்த மீன் இருந்தது, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டு, வருஷம் நினைவில்லையென்றால் பெரிய வெள்ளம், தேர்தல், மகன் பிறந்தது என்று எதையாவது வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வலையைக் குறை சொல்ல முடியாத இழப்புகள் இதில்தான் வெளிப்படும். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் (ஹில்சா) மீனின் வழி அடைபட்டது. கங்கையில் 1975-இல் ஃபரக்கா தடுப்பணை வந்தபின் மேல்பகுதியில் அதே உல்லம் ஏறக்குறைய அற்றுப்போனது. யாங்சே ஆற்றின் துடுப்புமூக்கு மீனைக் கடைசியாகக் கண்டது 2003-இல். ஆற்றில் பத்தாண்டு மீன்பிடித் தடை தொடங்கியது 2021 ஜனவரி 1-இல். அந்த மீன் அற்றுவிட்டதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது.

எண்கள் சரிந்தால்

ஒரு வருஷத்து எண்ணை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். மழை பொய்த்த ஒரு வருஷம் எல்லா எண்ணையும் குலைத்துவிடும். 100 மீட்டர் வலைக்கு விழும் எடையும் முதிர்ந்த மீனின் சதவீதமும் சேர்ந்து இரண்டு வருஷம் இறங்கினால் சங்கக் கூட்டத்தில் வையுங்கள்.

வலைக்கண்ணை எவ்வளவு பெரிதாக்குவது என்பதைச் சோதனை வலையே சொல்லும். 60 மி.மீ. கண்ணில் அதிகம் மாட்டியது 15 செ.மீ. ஜிலேபி என்றால், மீன் நீளம் கண்ணைப்போல் இரண்டரை மடங்கு. 20 செ.மீ. மீன் வேண்டுமென்றால் 80 மி.மீ. கண். இந்த மடங்கு இனத்துக்கு இனம் மாறும், ஒல்லியான மீனுக்கு அதிகம். இருக்கும் வலையைப் பறிமுதல் செய்யாமல், இனி வாங்கும் வலை மட்டும் புதிய கண்ணில் என்று தீர்மானம் போட்டால் சண்டை குறையும். மாற்றிய முதல் சில மாதம் பிடிப்பு நிச்சயம் குறையும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் மாதமே பழைய வலை இரவில் இறங்கிவிடும்.

கோடையில் கடைசிவரை தண்ணீர் நிற்கும் மடு ஒன்றை வலை போடாத இடமாகக் குறிப்பது செலவில்லாத வழி. மெக்கோங் ஆற்றில் லாவோஸின் காங் மாவட்டத்து ஊர்கள் 1990-களிலிருந்து ஆழமான மடுக்களை இப்படிக் காத்துவருகின்றன. மூங்கில் நட்டு எல்லை தெரியும்படி செய்யுங்கள். குத்தகை ஒரு வருஷத்துக்கு மட்டும் தரும் ஊரில் இது நடக்காது. அடுத்த வருஷம் யாருக்கோ போகும் மீனை இந்த வருஷக் குத்தகைதாரர் எதற்கு விட்டுவைப்பார்? அங்கே முதலில் குத்தகைக் காலத்தைத் திருத்த வேண்டும்.

ஏட்டை எப்போதும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை நனைந்ததும் கரைந்துவிடும். மாதக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, சங்கத்தில் இன்னும் இருவரிடம் அனுப்பி வையுங்கள்.